மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி? – கண்டி மாணவ ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பிள்ளைகளே,

சென்ற தவணையின் முடிவில் உங்கள் இலக்கிய மன்றம் ஆங்கிலப் படமொன்றை மண்டபத்திலே திரையிட்டு, அதைப் பார்த்த உயர்தர வகுப்பு மாணவ மாணவியர் எல்லோரிடமும் ஆளுக்கு அரைத்தாள் அபிப்பிராயம் எழுதி வாங்கிச் சுவர்ப் பத்திரிகையாக ஒட்டி வைத்திருந்ததை, வேறு அலுவலாக அந்தப் பக்கம் வந்திருந்த நான் ஒன்று விடாமல் வாசித்தேன். வாசித்த பிறகு சும்மா இருக்க மனம் இடங்கொடுக்கவில்லை. வகுப்பறையை விட்டு நீங்கிய பின்னும் சிவப்புப் பேனா கையை விட்டு நீங்குவதில்லை என்பது ஆசிரியத் தொழிலின் சாபக்கேடு. ஆயினும் உங்கள் எழுத்துப் பிழைகளைப் பற்றி நான் எழுத வரவில்லை, கதாநாயகனுக்கு மூன்று சுழி போட்டவர் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் அபிப்பிராயங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். கட்டுகலையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் உள்ள மற்றப் பாடசாலைப் பிள்ளைகளும் இந்தப் படத்தைக் கைத்தொலைபேசித் திரையிலாவது பார்த்திருப்பார்கள் என்ற எண்ணத்தினால் மடலை ஒட்டாமல் திறந்தே விட்டிருக்கிறேன்.

படம், 1999ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான ‘டென் திங்ஸ் ஐ ஹேட் எபவுட் யூ’. ஷேக்ஸ்பியர் 1590களின் தொடக்கத்தில் எழுதியதாகக் கருதப்படும் ‘த டேமிங் ஒவ் த ஷ்ரூ’ என்ற நாடகத்தை, கரன் மக்கல்லா லுட்ஸ், கிர்ஸ்டன் ஸ்மித் என்னும் இரு பெண்மணிகள் ஒரு பள்ளிக்கூடத்துக் காதற் கதையாக மாற்றி எழுத, கில் ஜங்கர் நெறிப்படுத்தினார். நாடகத்தில் வரும் பாதுவா நகரம் படத்தில் பாதுவா என்ற பள்ளிக்கூடமாயிற்று. வெரோனாவிலிருந்து பெண் தேடி வரும் பெத்ருக்கியோ, பற்றிக் வெரோனா என்ற மாணவனானான். கத்தரீனா, பியங்கா என்ற சகோதரிகள் கவிஞர் பிறந்த ஊராகிய ஸ்ட்ரட்போர்டைக் குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டார்கள். மூத்தவள் கேற் எவரோடும் ஒட்டாதவள், எதற்கும் சீறுபவள். இளையவள் எல்லோருக்கும் இனியவள். மூத்தவள் ஒருவனோடு வெளியே போனால் ஒழிய இளையவள் போகக்கூடாது என்று தகப்பனார் விதித்த விதியிலிருந்து கதை பிறக்கிறது. இளையவளை விரும்பும் பையன்கள், மூத்தவளை வசப்படுத்தும் காரியத்துக்குக் கூலி பேசி ஒருவனை அமர்த்துகிறார்கள். கூலிக்கு வந்தவன் மனத்தைப் பறிகொடுக்கிறான். மீதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் அரைத்தாள்கள். மாணவர்களில் பெரும்பாலோர், மைதானத்துப் படிக்கட்டுகளில் ஒலிவாங்கியோடு தோன்றி, பள்ளி வாத்தியக் குழுவுக்குக் கைலஞ்சம் கொடுத்துப் பக்கவாத்தியம் வாசிக்கச் செய்து, காவலர் துரத்தத் துரத்தப் பாடிக்கொண்டு ஓடும் ஹீத் லெட்ஜரிடம் மயங்கிக் கிடக்கிறார்கள்; அவர் 2008இல் இருபத்தெட்டாவது வயதிலே இறந்துபோனார் என்பதைக் கேள்விப்பட்ட இருவர் இரங்கற்பாவே பாடியிருக்கிறார்கள். மாணவியர் பலர், ஜூலியா ஸ்டைல்ஸ் நடித்த கேற்றோடு கடைசி வரை தோள் கொடுத்து நின்றுவிட்டு, அவள் வகுப்பின் முன்னே தன் கவிதையை வாசித்து அழுத கணத்தில் அவளைக் கைவிட்டுவிட்டார்கள். அவ்வளவு நிமிர்ந்து நடந்தவள் ஓர் ஆண்பிள்ளைக்காக ஏன் அழ வேண்டும் என்பது அவர்களுடைய குறை. ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுத்த சிலர், ஷேக்ஸ்பியர் பெண்ணினத்துக்கு இழைத்த அநீதியை ஹொலிவூட் திருத்திவிட்டது என்று நீதிபதிகளைப் போலத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். வேறு சிலர், இது எங்கள் கலாசாரத்துக்கு ஒவ்வாது என்று ஒரே வரியில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவர்களும் கடைசிக் காட்சி முடிந்து விளக்குப் போடும் வரை நாற்காலியை விட்டு எழவில்லை என்று மன்றச் செயலாளர் சிரிப்போடு எனக்குச் சொன்னார்.

அழுததற்காகக் கேற்றைக் கோபித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் 141ஆவது சொனற்றை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கவிதை எழுதும்படி ஆசிரியர் கேட்கிறார். அவள் எழுதிக்கொண்டு வந்து எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறாள். வாசிக்கையில் குரல் உடைகிறது. அழுகையைத் தோல்வியாகக் கணக்குப் பண்ணும் பழக்கம் ஆண்பிள்ளைகள் உண்டாக்கிய கணக்கு. கண்ணகி அழுதாள், அழுத பிறகுதான் பாண்டியன் வாயிலில் போய் நின்றாள். அவளைப் பத்தினித் தெய்வமாக வைத்துத் தலதா மாளிகையின் அயலிலே தேவாலயம் எடுத்து வணங்கும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு பெண் கண்ணீர் விட்டதனால் சிறுத்துப்போனாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஒரு கூத்தைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது உங்களோடு தொடங்கிய காரியமன்று. இந்த நாடகத்துக்கே அந்த வகையில் ஒரு சுவாரசியமான சரித்திரம் உண்டு. ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த காலத்திலேயே, ஏறத்தாழ 1611இல், ஜோன் பிளெச்சர் என்ற நாடகாசிரியர் இதற்கு மறுப்பாக ஒரு நாடகம் எழுதினார். அதிலே கத்தரீனா இறந்துபோக, பெத்ருக்கியோ மறுமணம் செய்துகொள்கிறான், வந்தவள் அவனை அடக்கிவிடுகிறாள். 1633ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டு நாடகங்களும் இரண்டு நாள் இடைவெளியில் இங்கிலாந்து அரசர் அரசியார் முன்னிலையில் ஆடப்பட்டன. அரண்மனைக் கேளிக்கைகளுக்குப் பொறுப்பாயிருந்த சேர் ஹென்றி ஹெர்பர்ட், முதல் நாடகம் பிடித்திருந்ததாகவும் இரண்டாவது மிக நன்றாகப் பிடித்திருந்ததாகவும் குறித்து வைத்தார். ஷேக்ஸ்பியரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அந்தச் சபை மறுப்பு நாடகத்துக்கே அதிகப் புள்ளி போட்டிருக்கிறது. பிறகு 1888இல் பெர்னாட் ஷா, ஒரு பெண்மணியின் பெயரைப் புனைந்துகொண்டு லண்டன் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதி, மானமுள்ள ஆணும் பெண்ணும் இந்த நாடகத்துக்குப் போகலாகாது என்று கேட்டுக்கொண்டார். 1929இல் இந்த நாடகத்தைத் தழுவி வந்த பேசும் படத்தில், கணவனுக்கு அடங்கி நடக்கும்படி பெண்களுக்கு உபதேசிக்கும் அந்த நெடும் பேச்சை மேரி பிக்போர்ட் பேசிக்கொண்டே வந்து, கணவன் பார்க்காத சமயத்தில் தங்கையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கண்சிமிட்டலும் ஓர் அபிப்பிராயந்தான். அரைத்தாளுக்கும் குறைவான இடத்தில் எழுதப்பட்டது.

ஷேக்ஸ்பியரை ஹொலிவூட் திருத்திவிட்டது என்ற தீர்ப்பை ஏற்க நான் தயங்குகிறேன். நாடகத்தில் பெத்ருக்கியோ தான் பணத்துக்காகவே பெண் தேடி வந்ததாக ஒளிவு மறைவில்லாமல் சொல்லுகிறான். இருபதாயிரம் கிரவுண் சீதனம் பேசி, மாமனார் காலமான பின் நிலத்தில் பாதியும் எழுதி வாங்கிக்கொள்கிறான். படத்திலே சீதனம் போய்விட்டது, பேரம் போகவில்லை. பணக்காரப் பையன் ஜோயி இருபது டொலரில் தொடங்க, பற்றிக் படச்சீட்டுக்கு இவ்வளவு, சோளப்பொரிக்கு இவ்வளவு என்று பெண்ணை அழைத்துப் போகும் செலவைக் கணக்குக் காட்டி எழுபத்தைந்துக்கு ஏற்றி, ஐம்பதில் முடிக்கிறான். பிறகு கூலி நூறாகிறது, நடன விழாவுக்கு முந்நூறாகிறது. மண்டபமே சிரித்திருக்கும், நானும் சிரித்தேன். ஆனால் முடிவில் அவன் மன்னிப்புக்கு அடையாளமாக அவளுடைய காரில் வைக்கும் கிற்றார், அந்தக் கூலிப் பணத்தில் வாங்கியதே. தவறு செய்யும்போதெல்லாம் கிற்றார் வாங்கித் தந்து தப்ப முடியாது என்று அவள் நியாயமாகத்தான் கேட்கிறாள், அந்தக் கேள்வியை அவன் ஒரு முத்தத்தால் மூடிவிடுகிறான். பதில் இல்லாத இடத்தில் முத்தத்தை வைப்பது திரைக்கதை எழுதுவோரின் பழைய சாமர்த்தியம். இன்னொன்றும் உண்டு. ஷேக்ஸ்பியரின் கத்தரீனா ஏன் கோபக்காரியானாள் என்று நாடகம் காரணம் கூறுவதில்லை. அவள் சுபாவம் அது, அவ்வளவுதான். படமோ, தாய் வீட்டை விட்டுப் போனதையும், முன்னொரு காலத்தில் ஜோயி அவளை ஏமாற்றியதையும் காரணமாகக் காட்டுகிறது. ஒரு பெண் கோபமாக இருந்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை இருந்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கை, நானூறு வருஷத்துப் பழைய நாடகத்தில் இல்லாதது. நவீன படத்தில்தான் இருக்கிறது. இதைத் திருத்தம் என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவும் சொன்னது ஒரு முகவுரை. உங்கள் அரைத்தாள்களில் பற்றிக்கைப் பற்றி இருக்கிறது, கேற்றைப் பற்றி இருக்கிறது, ஜோயியின் மூக்கில் பியங்கா விட்ட குத்தைப் பற்றி மிதமிஞ்சியே இருக்கிறது. தகப்பனாரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ‘அப்பா சூப்பர் கொமெடி’ என்ற அளவோடு அவரை விடுதலை செய்து அனுப்பிவிட்டீர்கள். காதலர் இருவருக்கும் விசாரணை நடத்தித் தீர்ப்பு எழுதிய சபையிலே, சட்டத்தை இயற்றியவர் சாட்சிக் கூண்டில்கூட ஏறவில்லை.

லரி மில்லர் நடித்த அந்தத் தகப்பனாரைச் சற்றுக் கிட்டப் போய்ப் பாருங்கள். அவர் ஒரு மகப்பேற்று வைத்தியர். பிரசவ அறையிலே நாள்தோறும் பள்ளிச் சிறுமிகளைக் கண்டு கலங்கிப்போனவர். இளைய மகள் இரவில் வெளியே போக அனுமதி கேட்டால், கர்ப்பிணியின் வயிறு போலச் செய்த கனத்த கவசமொன்றை எடுத்து வந்து, அதை மாட்டிக்கொண்டு கூடத்திலே நடந்து பார் என்கிறார். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கிறாள். நல்ல ஹாஸ்யம். ஆனால் அந்த ஹாஸ்யத்தின் தேவை என்ன என்று யோசித்தீர்களா? அமெரிக்க ரசிகனுக்கு, ஒரு தகப்பன் தன் பதினைந்து, பதினாறு வயது மகளை வெளியே விடாமல் தடுப்பதும், அக்காவை முன்னிட்டுத் தங்கையைக் கட்டிப்போடுவதும் இயல்பான காரியமாகத் தோன்றாது. ஆகவே அவனை நம்பச் செய்வதற்கு ஒரு வைத்தியத் தொழிலும், ஓடிப்போன மனைவியும், ஒரு பொய் வயிறும் தேவைப்பட்டன. அந்தப் படத்தை எழுதியவர்கள் இவ்வளவு பிரயாசைப்பட்டு உண்டாக்கிய விதியைக் கண்டியில் எந்தத் தமிழ் வீட்டிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி என்ற கேள்வி, பெண் பிள்ளைகள் இருவர் உள்ள வீடுகளில் சுவரில் மாட்டாத கலண்டர் போல எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உங்கள் சுவர்ப் பத்திரிகையின் ஓரத்தில், பெயரிடாமல், நான்கே வரியில் ஓர் அபிப்பிராயம் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிலும் இதே சட்டந்தான். அக்காவுக்கு முடியாமல் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் எங்கள் அக்கா கோபக்காரி அல்ல. படத்தில் அக்கா கோபக்காரியாக இருப்பதால்தான் எல்லோருக்கும் சிரிக்க முடிகிறது. இவ்வளவே. மற்றெல்லாத் தாள்களையும் சேர்த்து ஒரு தட்டிலும் இதை மறு தட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதியவள் யாரென்று தேட வேண்டாம். தேடினால் அவள் இனி எழுத மாட்டாள்.

அந்த நான்கு வரி சொல்லாமல் விட்டதையும் நாம் அறிவோம். செவ்வாய் தோஷம் என்றும், சீதனம் போதாதென்றும், வெளிநாட்டு மாப்பிள்ளை மனம் மாறிவிட்டார் என்றும் ஒவ்வொரு காரணமாக மூத்தவளின் விவாகம் தள்ளிப் போகும். பெண் பார்க்க வருகிற நாளில், வந்தவர்கள் தங்கையைக் கண்டு அவளைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தினால், இளையவளைக் காலையிலேயே மாமி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் ரியூசன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் கேளாமல் போவாள். மாலையில் திரும்பி வருகையில் பலகாரத் தட்டில் மிஞ்சியிருப்பதையும் தாயின் முகத்தையும் பார்த்தே அவளுக்கு முடிவு விளங்கிவிடும். அக்காவின் மேல் அவளுக்கு அன்பும் உண்டு, வெளியே சொல்ல முடியாத ஒரு சினமும் உண்டு. அக்காவுக்கோ, தங்கையின் வழியை மறித்துக்கொண்டு தான் நிற்பதாக ஒரு குற்ற உணர்வு. இருவரும் சண்டையிடுவதில்லை. சண்டையிட்டால்தானே நாடகம்!

ஷேக்ஸ்பியரின் கத்தரீனா சண்டையிட்டாள். தங்கையின் கையைக் கட்டிவைத்து அடித்தாள். தடுக்க வந்த தகப்பனைப் பார்த்து, உங்களுக்கு அவள்தானே பொக்கிஷம், அவளுக்குத்தானே மாப்பிள்ளை, அவள் கல்யாணத்தில் நான் வெறுங்காலோடு ஆட வேண்டும் என்ற கருத்துப்பட வெடித்தாள். தங்கை முந்திக்கொண்டால் மூத்தவள் வெறுங்காலோடு ஆடுவது அந்நாளைய ஆங்கிலேயரின் சம்பிரதாயம். அந்தத் தகப்பன் பப்திஸ்தா அதே அங்கத்தில், பியங்காவை விரும்பும் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, மகளுக்கு யார் கூடுதலாக எழுதிக்கொடுக்கிறாரோ அவருக்கே அவள் என்று ஏலம் விடுகிறான். கவிஞர் தகப்பனைத் தப்பவிடவில்லை என்பதே என் வாசிப்பு. கடைசிக் காட்சியில் கணவன்மார் மூவர் யார் மனைவி அடங்கியவள் என்று பந்தயம் கட்ட, கத்தரீனா வந்து நின்றதும், பப்திஸ்தா பூரித்துப்போய் மேலும் இருபதாயிரம் கிரவுண் சீதனமாகத் தருவதாகச் சொல்கிறானே, அந்த இடத்தில் சிரிக்க வேண்டியவன் பெத்ருக்கியோ அல்லன். சிரிக்கப்பட வேண்டியவன் அந்தக் கிழவன். இந்த வேடங்களை அந்நாளில் பையன்களே கட்டினார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அடங்கி நடக்கும்படி பெண்களுக்குச் செய்த அந்த உபதேசம் மேடையில் முதன்முதலாக ஒலித்தது குரல் உடையாத ஒரு சிறுவனின் வாயிலிருந்து.

நமது தமிழ்த் திரை இந்தக் கதையை எப்படிக் கையாண்டது என்பது தனிப் புராணம், சுருக்கிச் சொல்கிறேன். 1963இல் ஏ. டி. கிருஷ்ணசாமி நெறிப்படுத்திய ‘அறிவாளி’ இதே நாடகத்தின் வழி வந்தது. பானுமதியின் செருக்கைச் சிவாஜி கணேசன் அடக்கிய அந்தப் படத்தில், இன்று எல்லோரும் நினைவு வைத்திருப்பது தங்கவேலுவும் முத்துலட்சுமியும் பூரி சுடும் காட்சியை மாத்திரமே. கணவன் பக்குவம் சொல்லச் சொல்ல, அதெல்லாம் தனக்குத் தெரிந்ததுதான் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நிற்கும் அந்த மனைவி, அடங்காமலே ஜெயித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. திரையில் அடக்கப்பட்ட பானுமதியோ, வாழ்க்கையில் கணவரோடு சேர்ந்து பரணி ஸ்டூடியோவை நடத்தியவர். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே ‘சண்டிராணி’ என்ற படத்தை மூன்று மொழிகளில் நெறிப்படுத்தியவர். 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’ வந்தது. பட்டணத்துக் கல்பனாவாகிய ஜெயலலிதாவைச் சோழவந்தான் மூக்கையன் வழிக்குக் கொண்டுவர, சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்திய தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. வழிக்குக் கொண்டுவரப்பட்டவர் 1991இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். என் இளமையில் இத்தகைய படங்களில் கதாநாயகிக்கு அறை விழும்போது எழுந்த விசில், பல்கனியிலிருந்தும் எழுந்தது, கலரியிலிருந்தும் எழுந்தது. அதுவே அந்நாளைய ரசிக அபிப்பிராயம். நீங்கள் பார்த்த அமெரிக்கப் படம் வெளிவந்து சரியாகப் பத்தாம் நாள், 1999 ஏப்ரல் 10ஆம் திகதி, ‘படையப்பா’ வெளியாயிற்று. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று ரஜினிகாந்த் அதிலும் உபதேசித்தார். ஆனால் ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரி அடங்கவில்லை, அழவுமில்லை, சாகும்போதுகூட வணங்கவில்லை. உபதேசத்தை மறந்தவர்களும் நீலாம்பரியை மறக்கவில்லை. உங்கள் அரைத்தாள்களில் கேற்றையும் நீலாம்பரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாதது எனக்கு ஆச்சரியம்.

எங்கள் கலாசாரத்துக்கு ஒவ்வாது என்று எழுதியவர்களுக்கு, நீங்கள் குடியிருக்கும் ஊரின் கலாசாரத்தில் ஒரு சங்கதி. கண்டிச் சிங்களவரின் பழைய வழக்கத்தில் விவாகம் இருவகை. மனைவி கணவன் வீட்டுக்குப் போவது தீக. கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவது பின்ன. பின்ன முறையில் வந்த மாப்பிள்ளை, ஒரு கைத்தடியையும் ஒரு தாளிப்பனை ஓலையையும் ஒரு தீவட்டியையும் மனைவியின் அறை வாசலில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பழைய நூல்கள் சொல்லும். இரவானாலும் மழையானாலும் போ என்றால் அந்தக் கணமே போவதற்கு. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்திலும் இவ்விருவகை விவாகமும் பெயரோடு நிற்கின்றன. பெத்ருக்கியோ பாதுவாவுக்குப் பதிலாகக் கண்டிக்கு வந்து பின்ன மாப்பிள்ளையாகியிருந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பான்? கலாசாரம் என்று நாம் உறுதியாகச் சொல்லும் ஒன்று, மலையின் அந்தப் பக்கத்திலேயே வேறாக இருந்திருக்கிறது.

பேராதனையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியபோது, பழைய ஜாதகக் கதையில் வாளை எதிரியிடம் நீட்டிக் கணவனைக் காட்டிக்கொடுத்தவளாக இருந்த இளவரசியை, தனியொருவனாக நின்று போரிட்ட வேடனுக்காக இரங்கிப் பேசியவளாக்கினார். அவள் குற்றவாளியா இல்லையா என்ற தர்க்கம் சிங்கள ரசிகரிடையே இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு புதுக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ ஆடச் செய்து, பின்னர் ‘இராவணேசன்’ மூலம் அரக்கனென்று தள்ளப்பட்டவனை அவலத் தலைவனாக்கிக் காட்டினார். சுவாமி விபுலாநந்தர் 1926இலேயே ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்தார், செகசிற்பியார் என்று அவருக்கு ஒரு தமிழ்ப் பெயரும் சூட்டினார். பழைய கதையை எடுத்து நம் கண்ணால் திரும்பப் பார்க்கும் வித்தை ஹொலிவூட்டிடமிருந்து கற்க வேண்டியதன்று. மாவலி கங்கைக் கரையிலேயே நடந்திருக்கிறது.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டிய ஒன்று உண்டு. மாசி மாதத்துக் காமன் கூத்தில், தவத்திலிருக்கும் சிவனிடம் போகவேண்டாம் என்று ரதி மன்மதனோடு தர்க்கம் பண்ணுகிறாளே, லயத்து முற்றத்தில் விடிய விடிய நின்று அதைப் பார்த்த உங்களில் சிலர், அந்த ரதியைப் பற்றி ஒருபோதும் அரைத்தாள் எழுதியதில்லை. தஞ்சைப் பக்கத்தில் இதே கதையை வைத்து, மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியுமாக இரவு முழுவதும் லாவணி பாடுவார்கள். அபிப்பிராய பேதத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். ‘நல்ல படம்’, ‘பெண்ணியப் படம்’, ‘ஒவ்வாத படம்’ என்று முத்திரை குத்திவிட்டு எழுந்துபோவது உங்களுக்கு அழகாயில்லை.

ஆகையால் உங்கள் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் இன்னொரு படம் போடுவதற்குப் பதிலாக, இதே கதையைக் கண்டியிலே நடப்பதாக நீங்களே ஒரு மணி நேர நாடகமாக எழுதுங்கள். தகப்பனாருக்கு வைத்தியத் தொழில் வேண்டாம். காசில் வீதியிலோ கொழும்பு வீதியிலோ ஒரு சிறு கடை போதும். பொய் வயிறும் வேண்டாம். தரகர் கொண்டுவரும் குறிப்புக் கட்டுப் போதும். மூத்தவளைக் கோபக்காரியாக்குவதா, பெயரிடாத அந்த நான்கு வரியில் உள்ளபடி விடுவதா என்பதை நீங்கள் தர்க்கித்து முடிவு செய்யுங்கள். இரண்டாவதைத் தேர்ந்தால் அதிலிருந்து சிரிப்பை வரவழைப்பது கடினம், அந்தக் கடினத்தில்தான் உங்கள் சாமர்த்தியம் தெரியும். கடைசிப் பேச்சை மாணவியர் எழுதட்டும். தகப்பனாரின் பகுதியை மாணவர்கள் எழுதட்டும். அவரைக் கோமாளியாக்காமலும் கொடியவனாக்காமலும் எழுத வேண்டும், ஏனென்றால் அவருக்கும் பயம் இருக்கிறது, கடன் இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது. பந்தயக் காட்சி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பணத்தை யார் கட்டினார், யார் எடுத்தார் என்பதைச் சபைக்குக் காட்டாமல் விடாதீர்கள்.

மேடையேறும் நாளில் முன் வரிசை ஆசனங்களைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காமல் பெற்றோருக்கு ஒதுக்கும்படி அதிபரிடம் கேளுங்கள். எழுதி முடித்த பிரதியை எனக்கு அனுப்பினால், மூன்று சுழி இரண்டு சுழியை மட்டும் பார்த்துத் தருகிறேன். வசனத்தில் கை வைக்க மாட்டேன். ஒத்திகையை மாத்திரம், கலகாவுக்கும் தெல்தோட்டைக்கும் போகிற பெண்பிள்ளைகள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாத நேரத்தில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே அந்த வீடுகளிலிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வரும், உங்கள் நாடகத்துக்குக் கதாநாயகி இருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
கண்டி